நாயகனுக்கு என்ன வேண்டும்

சித்திரையில் வந்த கருத்துரை இரண்டே வரி.
அதற்குத் தனியாக எழுநூறு கட்டியிருந்தேன்.
'காட்சிகள் நன்று. ஆனால் உங்கள் நாயகனுக்கு
என்னதான் வேண்டும்?'

முந்தைய வருடம் பதிலே இல்லை.
அதற்கும் முந்தி, எழுத்துரு தப்பென்று
படிக்காமலே தள்ளிவிட்டார்கள்.
ஏறுமுகம் என்றுதான் சொல்லவேண்டும்.

கொடைக்கானல், நாயுடுபுரம் இறக்கத்தில் ஒரு லாட்ஜ்.
எனக்கு இரவுப் பணி.
கூட்டமில்லாத மாதங்களில் இருநூற்று நான்கில்
உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம்.
ஹீட்டர் மட்டும் போடக்கூடாது.

சினிமாக்காரர்கள் வந்தால் எங்களிடம்தான் தங்குவார்கள்,
பெரியவர்கள் இல்லை, லைட் தூக்குபவர்கள்.
ஒரு பாட்டுக்கு நான்கு நாள்.
மேகம் இறங்கும்வரை காத்திருந்து
இறங்கியதும் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள்.

அதே மேகம் ஆடியில் ஒன்பது நாள்
எங்கள் மொட்டைமாடியை விட்டு நகரவில்லை.
நாற்பத்தாறு விரிப்புகள்.
சனிக்கிழமை ஒட்டன்சத்திரத்திலிருந்து கல்யாண கோஷ்டி.
துணி பார்க்கும் சூசைமாணிக்கம்
கொடி மாற்றிக் கொடி மாற்றிப் பார்த்தார்.
சமையல்கட்டில் அடுப்புக்கு மேலே கட்டினார்,
விரிப்பில் தாளிப்பு வாசம் ஏறியது.
இஸ்திரிப் பெட்டியை வைத்தால்
சுடுதண்ணீர் போல ஆவி.
அப்போது வானத்தைப் பார்த்து
அவர் சொன்ன கெட்டவார்த்தையில்தான்
எனக்கு விடை கிடைத்தது.
வெயில். அரைமணி நேரம் போதும்.

பதினோரு வாரம் எழுதினேன்.

முன்கூட்டி அனுப்பினால் ஆயிரத்து இருநூறு,
கடைசி வாரமென்றால் இரண்டாயிரம்.
மிச்ச எண்ணூறும்
நான் வசனம் திருத்திக்கொண்டே இருந்ததற்கு அபராதம்.
முதல் பத்துப் பக்கம் பிடித்தால்தான்
பதினோராவதைப் புரட்டுவார்களாம்.
எழுதியவர் பெயர் எங்குமே இருக்கக்கூடாதாம்.

பெயர், ஊர், ஆதார் நகல் இல்லாமல்
யாரையும் படியேற விடாத நான்
என் பெயரைத் தேடித் தேடி அழித்தேன்.
தலைப்புப் பக்கத்தில் ஒன்று.
கோப்பின் பெயரில் ஒன்று.
பன்னிரண்டாம் பக்கத்துப் பழக்கடைப் பலகையில்
ஆசைக்காக வைத்திருந்த ஒன்று.
அதை அழிக்கத்தான் கை வரவில்லை.

கார்த்திகை மழை. பதினொன்று நாற்பதுக்குக் கரண்ட் போனது.
தண்ணீர் ஃபில்டருக்குப் பக்கத்தில், மூன்றாம் படியில்
போனை உயர்த்திப் பிடித்தால் ஒரு கோடு சிக்னல் வரும்.
சூசைமாணிக்கம் பிடித்துக்கொண்டார்.
நான் கீழே உட்கார்ந்து அனுப்பினேன்.
தொண்ணூற்றொன்பது சதவீதத்தில் நின்று
எங்கள் இரண்டு பேரையும் பார்த்தது.

பதினொன்று ஐம்பத்தாறு.
'பெற்றுக்கொண்டோம். உங்கள் எண் 2317.'

கையை உதறிக்கொண்டே கேட்டார்:
"அதுல துணி காயுதா?"
"தொண்ணூத்தேழாம் பக்கத்துல."
"அம்புட்டு நேரமா?"
நீதிபதிகள் யாரும் இவ்வளவு சுருக்கமாகக்
கருத்துரை எழுதியதில்லை.

பிறகு, வத்தலக்குண்டிலிருந்து ஒரு வாடகைக் கார்.
தனியாக ஒருவர். பை இல்லை.
கோட் போட்டிருந்தார், காலில் ரப்பர் செருப்பு.
பேரேட்டைத் திருப்பி நீட்டினேன்.
பெயரை எழுதுமுன் கொஞ்சம் யோசித்தார்.

கால்மணி கழித்து அறையிலிருந்து அழைப்பு.
"விரிப்பு ஈரமா இருக்குங்க."
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
"இல்ல, மாத்த வேண்டாம். ஈரமாவே இருக்கட்டும்.
காலையில வெயில் வந்தா மட்டும்
என்னைய எழுப்புங்க."

ரிசீவரை வைக்காமல் நின்றேன்.
இந்த ஆளை முதல் பக்கத்திலேயே
வரவழைத்திருக்க வேண்டும்.
மணி பன்னிரண்டு நாற்பது.